கைக்கு அடக்கமான மவுஸ்

இரண்டாயிரங்களின் நடுவில் திருப்பூரில் ஓர் எம்பிராய்டரி யூனிட்டில் நான் பஞ்சிங் வேலை பார்த்தேன். பனியனின் நெஞ்சில் நூலால் தைக்கிற யானையோ கரடியோ கம்பெனிப் பெயரோ, எதுவாக இருந்தாலும், முதலில் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தப் படத்தின் ஓரம் முழுக்க மவுஸால் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டு வரவேண்டும். ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் மெஷினுக்குத் தெரியும். மூலை வந்தால் இடது பட்டன், வளைவு வந்தால் வலது பட்டன். ஒரு கரடியின் காதுக்கு மட்டுமே எத்தனையோ கிளிக். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அந்தச் சத்தம்தான்.

அதற்கு முன்பு நான் செக்கிங்கில் இருந்தேன். நின்றபடியே துணியில் ஓட்டையும் கறையும் தேடுகிற வேலை. கல்யாணமாகி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் அதுதான் கிடைத்தது. பிறகு ஒரு சென்டரில் சேர்ந்து பஞ்சிங் படித்தேன். படித்ததற்கு ஏற்ற வேலை என்று எனக்கு அமைந்தது இது ஒன்றுதான். நான் குத்திய படத்தை ஃப்ளாப்பியில் ஏற்றி மெஷினுக்குக் கொடுத்ததும், வரிசையாக நிற்கிற அத்தனை ஊசிகளும் ஒரே நேரத்தில் அதைத் தைக்கத் தொடங்கும். அதை நின்று பார்ப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

யூனிட் சிறியது. முதலாளி சோமனூர்க்காரர். விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்து எம்பிராய்டரிக்கு வந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணே என்றும் அண்ணா என்றும் கூப்பிடுவோம். அவருடைய மனைவி பில், டெலிவரி சலான், சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் பார்த்தார். அவரை அக்கா என்போம். மெஷின் ஹாலை ஒட்டிக் கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறையில் எனக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கம்ப்யூட்டர். ஒரே நீள மேஜை. அது முன்பு துணி விரித்துப் பார்க்கிற மேஜையாக இருந்தது. நின்று வேலை செய்வதற்காகச் செய்த உயரம். அதன் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்தால் மேஜை என் நெஞ்சுக்கு வரும். கையைத் தூக்கி வைத்துத்தான் டைப் அடிக்க வேண்டும், மவுஸ் பிடிக்க வேண்டும்.

அப்போது அங்கே இருந்தது உருண்டை வைத்த மவுஸ். திருப்பூரில் அந்த மவுஸ் படுகிற பாடு வேறு ஊரில் படாது. காற்றில் எப்போதும் பஞ்சு. தடுப்பு போட்டாலும் எப்படியோ உள்ளே வந்துவிடும். மவுஸின் அடியில் நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு உருண்டை ஓடாது. திரையில் அம்பு நின்று நின்று நகரும். தினமும் காலையில் மவுஸைக் கவிழ்த்து, உருண்டையை எடுத்துத் துடைத்து, உள்ளே இருக்கிற சின்ன உருளைகளில் ஒட்டியிருக்கும் பஞ்சைக் கொண்டை ஊசியால் சுரண்டி எடுப்பேன். அப்படியும் மத்தியானத்துக்குள் திரும்ப அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மவுஸை அழுத்திப் பிடித்துத் தேய்க்க வேண்டியிருக்கும். கீபோர்டிலும் எழுத்துகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும்.

வலி எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் மணிக்கட்டில் ஓர் இறுக்கம். பிறகு காலையில் எழுந்தால் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போயிருக்கும். உதறினால் சரியாகும். கொஞ்ச நாளில் உதறினாலும் சரியாகவில்லை. சீப்பைப் பிடிக்க முடியவில்லை. துணி பிழிந்தால் முழங்கை வரைக்கும் சுண்டி இழுத்தது.

பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனேன். அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தையல்காரர்கள். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த மெஷின்ல உக்கார்றீங்க, ஓவர்லாக்கா?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டருங்க டாக்டர்."

"கம்ப்யூட்டர்ல உக்காந்துட்டுத்தானுங்களே வேலை? அதுல கை எப்படிங்க வலிக்கும்?" என்றவர் மாத்திரையும் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளப் பட்டையும் எழுதிக் கொடுத்தார். கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றும் சொன்னார்.

பட்டையை வீட்டில் மட்டும்தான் சுற்றினேன். யூனிட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். கை வலிக்கிறது என்று சொன்னால் வேறு ஆளைப் பார்ப்பார்கள் என்ற பயம். பஞ்சிங் தெரிந்தவர்கள் அப்போது ஊரில் பெருகிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். அவர் ஒரு நாள் என் கையைப் பார்த்துவிட்டு, "வேலய விட்டுரு. என்னத்துக்கு இப்படிக் கெடந்து கஷ்டப்படுத? திரும்ப செக்கிங்குக்கே போயேன்" என்றார். அக்கறையில்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. அன்றைக்கு அவருடன் பேசவே இல்லை.

விஷயம் வெளியே வருவதற்கு வழி போட்டது ஒரு டீ. பதினொரு மணி டீயை எடுத்து வந்து வைத்தார்கள். நான் டம்ளரைத் தூக்கினேன். விரல்களில் பிடிப்பே இல்லாமல் டம்ளர் நழுவி நேராகக் கீபோர்டில் கவிழ்ந்தது. கவிழ்த்துத் துடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தோம். பாதி எழுத்து வேலை செய்யவில்லை. அண்ணன் வந்து பார்த்தார்.

"போனாப் போகுதுங்க. இது நெம்பப் பழசு. நான் நாளைக்கு எப்படியும் கோயமுத்தூர் போறேன். நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வந்துர்றேன்" என்றார்.

சொன்னபடி வாங்கி வந்தார். பெரிய பெட்டி. உள்ளே இருந்தது மாதிரி ஒரு கீபோர்டை நாங்கள் யாருமே பார்த்ததில்லை. கறுப்பு நிறம். நடுவில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பக்கமும் மேடு போல வளைந்து, முன்னால் கை வைக்க ஒரு திண்டு. மேலே வரிசையாகப் பாட்டு போட, சத்தம் குறைக்க என்று பட்டன்கள். மெஷின் ஓட்டுகிற பையன்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"கை வலியே வராதாமா. கடைக்காரர் சொன்னாருங்க. வெளிநாட்டுல ஆபீஸுல எல்லாம் இதத்தான் வெச்சிருக்காங்களாமா" என்று அண்ணன் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் சிரித்தேன்.

அந்தக் கீபோர்டைக் குறை சொல்வதற்கு இல்லை. நாள் முழுக்கக் கடிதம் டைப் அடிக்கிறவருக்கு அது நன்றாகவே இருந்திருக்கும். என் வேலையில் டைப் அடிப்பது கொஞ்சம்தான். டிசைன் பெயர், நூல் நம்பர், அவ்வளவே. மற்றதெல்லாம் மவுஸ். புது கீபோர்டு மேஜையில் என் பங்கு இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. மவுஸை அதற்கும் வலதுபுறம், அக்காவின் ஃபைல்களை ஒட்டி வைக்க வேண்டியதாயிற்று. உயரமான மேஜையில் கையைத் தூக்கி, பக்கவாட்டில் நீட்டி, அங்கிருந்து கரடிக் காது வரைய வேண்டும். சில நாட்களிலேயே வலி மணிக்கட்டிலிருந்து தோளுக்கு ஏறியது. ஆசையாக வாங்கிக் கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தேன்.

ஒரு நாள் அக்காவின் கம்ப்யூட்டரில் பிரிண்ட் வரவில்லை. "நீ செத்த எந்திரி கண்ணு, உன்றதுல எடுத்துக்கிறேன்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸைத் தேடி கையை நீட்டினார். நீட்டியவர் "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல கண்ணு." கொஞ்ச நேரம் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே கீபோர்டைப் பார்த்தார். மவுஸைப் பார்த்தார். "இத நீ நாள் பூராவும் எப்படி எட்டிப் புடிக்கற?"

யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தேனோ என்னவோ, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். விரல் மரத்துப் போவது, டாக்டர், பட்டை, டீ டம்ளர் நழுவியது. "அண்ணங்கிட்ட சொல்லிராதீங்கக்கா. ஆசையா வாங்கிட்டு வந்தாவ. வேலைக்கு வேற ஆள் பாத்துருவாவளோன்னு பயமா இருக்கு" என்றேன்.

அக்கா ரவிக்கைக் கையைச் சற்று மேலே தள்ளி முழங்கையை என் பக்கம் நீட்டினார். தைல வாசனை அடித்தது. அந்த வாசனை அறையில் எப்போதும் இருந்ததுதான். நான் அது சாமி படத்துக்கு வைத்த ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன்.

"எனக்கு ஒரு வருசமா இருக்குது. எங்க ஊட்டுல எல்லாரும் மாவாட்டறதுனாலங்கறாங்க. எங்க மாமியார் தண்ணிக் கொடம் தூக்கறதுனாலங்கறாங்க. நானும் கெரைண்டர் வாங்கிப் பாத்தேன், மோட்டார் போட்டுப் பாத்தேன். போகல கண்ணு. இந்த எழவ யாரு நெனச்சா?" என்று தன் கீபோர்டைக் காட்டினார்.

அவருடைய வேலை முழுக்க எண். கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கிற எண் கட்டங்களில் அடித்துக்கொண்டே இருப்பார். அடித்துவிட்டு அதே வலது கையால் மவுஸுக்குத் தாவுவார். திரும்ப எண்ணுக்கு வருவார். அன்றைக்கு ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது.

அண்ணன் உள்ளே வந்தபோது அக்கா நேராகவே சொன்னார். "ஏனுங்க, நாங்க ரெண்டு பேரும் நாளைக்குக் கம்ப்யூட்டர் கடைக்குப் போய்ட்டு வர்றமுங்க. கீபோர்டும் மவுஸும் பாக்கோணும்."

"நல்ல கீபோர்டுதான இருக்குது?"

"நல்ல கீபோர்டுதானுங்க. கைதான் நல்லா இல்ல, ரெண்டு பேத்துக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "மொதல்லயே ஏனுங்க சொல்லல?"

அக்கா, "நானே உங்ககிட்டச் சொல்லல, அது எப்படிச் சொல்லும்?" என்றார். அண்ணன் வெளியே போய்விட்டார். கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை.

மறுநாள் இருவரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் வரிசையாகப் பெட்டிகளை எடுத்து அடுக்கினார். இது நல்லா ஓடும், இதுக்கு வாரண்டி இருக்குது, இதில் லைட் எரியும் என்று பெட்டியின் மேல் இருந்த படத்தைக் காட்டியே சொல்லிக்கொண்டு போனார்.

"பிரிச்சுக் குடுங்க, கையில புடிச்சுப் பாக்கறோம்" என்றார் அக்கா.

"பிரிச்சா விக்க முடியாதுங்களே. எல்லா மவுஸும் ஒண்ணுதானுங்க. மவுஸுல என்னங்க சைஸு?"

"ஏனுங்க, செருப்பு வாங்கப் போனா போட்டுப் பாக்க உடுவாங்களா இல்லீங்களா? இத நாங்க செருப்பு போடறத விட அதிக நேரம் புடிச்சுட்டு இருக்கோணும்."

கடைசியில் கடைக்காரர், சர்வீஸுக்காகவும் சாம்பிளுக்காகவும் பிரித்து வைத்திருந்தவற்றை ஓர் அட்டைப் பெட்டியோடு கொண்டு வந்து கவுண்டரில் கொட்டினார். நாங்கள் இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டோம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்குப் பல விஷயங்கள் புரிந்தன. என் கை சிறியது. யூனிட்டில் இருந்த மவுஸ் ஆண் கைக்குச் செய்தது மாதிரி இருந்தது. அதன் பட்டனை எட்டுவதற்காக நான் விரல்களை விறைப்பாக நீட்டியே வைத்திருந்திருக்கிறேன். சின்ன மவுஸைப் பிடித்ததும் விரல் தானாகவே மடிந்து பட்டன் மேல் உட்கார்ந்தது. பட்டனின் கடினமும் மவுஸுக்கு மவுஸ் வேறு. சிலதில் அழுத்தினால்தான் இறங்கும். சிலதில் விரலை வைத்தாலே கிளிக் ஆகிவிடும். அதுவும் எனக்கு ஆகாது, தேவையில்லாத இடத்தில் புள்ளி விழும். சிலதில் ஒயர் விறைப்பாக இருந்து மவுஸைப் பின்னால் இழுத்தது. விலை கூடியவை பல வலது கைக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஒரு பக்கம் குழிந்திருந்தன. பிடித்தால் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் என் கை சரியாகும் வரைக்கும் இடது கையில் பழகலாம் என்று ஓர் எண்ணம் எனக்கு வந்திருந்தது. அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற, உருண்டை இல்லாமல் அடியில் சிவப்பு வெளிச்சம் எரிகிற, ஒரு சின்ன மவுஸை எடுத்துக்கொண்டேன். பஞ்சு சுரண்டுகிற வேலையும் அதோடு போயிற்று.

"அது சும்மா சாதாரண மாடலுங்க" என்றார் கடைக்காரர்.

"சாதாரணமா இருக்கட்டும். கைக்கு அடக்கமா இருக்கே" என்றேன்.

அக்காவின் கை பெரியது. அவர் உள்ளங்கை முழுக்கப் படிகிற மாதிரி ஒன்று எடுத்தார். எண் கட்டங்கள் மட்டும் தனியாக ஒரு சின்னப் பலகை போல விற்பதை அங்கேதான் பார்த்தோம். அதை இடது பக்கம் வைத்துக்கொள்ளலாம், நடுவில் வைத்துக்கொள்ளலாம். அக்கா அதைக் கண்டதும் விடவில்லை.

எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். எண் கட்டங்களே இல்லாத குட்டையான கீபோர்டு. அப்படி இருந்தால் மவுஸ் உடம்புக்குப் பக்கத்தில் வரும். கடையில் இல்லை. ஆர்டர் போட்டால் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் கடைக்காரர். நான் சும்மா கவுண்டரின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவர் பில் போடுகிற கம்ப்யூட்டரில் இருந்தது அப்படி ஒரு குட்டைக் கீபோர்டு. இடம் பற்றாததால் வைத்திருக்கிறார். அக்காவும் பார்த்துவிட்டார்.

"அதக் குடுத்துருங்க."

"இது ஓட்டுனதுங்க. அழுக்கா இருக்குதுங்க."

"நாங்க தொடச்சுக்கறமுங்க."

அவர் சிரித்துவிட்டார். தன் கம்ப்யூட்டரை நிறுத்தி, கீபோர்டைக் கழற்றி, அவரே ஈரத் துணியால் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

யூனிட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டினோம். முன்பைவிட நன்றாக இருந்தது. ஆனாலும் சாயங்காலத்தில் தோள் வலித்தது. மேஜையின் உயரம் அப்படியேதான் இருந்தது. அக்கா நாற்காலியில் தலையணை போட்டுப் பார்த்தார். உயரம் சரியாக வந்தது, கால் தரையில் படவில்லை.

அண்ணன் இரண்டு நாட்களாக எங்களுடன் அதிகம் பேசாமல் இருந்தார். மூன்றாவது நாள் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் நான் பாதியில் விட்டிருந்த ஒரு கப்பல். அதன் ஓரத்தில் புள்ளி குத்த முயன்றுகொண்டிருந்தார். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தோள் காதுக்கு அருகில் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் கையை எடுத்து உதறினார். திரும்பக் குத்தினார். திரும்ப உதறினார். எழுந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும், "இந்த மேசைல எப்படிங்க வேலை செய்யறீங்க?" என்றார். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே ஆசாரி வந்து மேஜையின் நான்கு கால்களையும் அறுத்தார். எங்கள் இருவரையும் உட்கார வைத்து, முழங்கை மடித்தால் எங்கே வருகிறதோ அந்த உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டுதான் அறுத்தார். கீபோர்டின் பின்னால் இருந்த இரண்டு குட்டிக் கால்களையும் நான் மடக்கிவிட்டேன். மணிக்கட்டு மேலே வளையாமல் நேராக நின்றது.

பிளந்த கீபோர்டை அண்ணன் தன் மேஜைக்கு எடுத்துக்கொண்டு போனார். ஆர்டர் கொடுக்கிற பார்ட்டிகளுக்கு மெயில் அடிக்கிற வேலை அவருடையது. அவருக்கு அது நன்றாகப் பொருந்தியது.

இடது கை பழகியது பெரிய கூத்து. பட்டன்களை மாற்றி அமைத்துக்கொண்டேன். விரல் ஒன்று சொல்ல, மூளை ஒன்று சொல்ல, மூலைக்கு வளைவும் வளைவுக்கு மூலையும் விழுந்தன. முதலில் செய்த டிசைன் ஒரு நட்சத்திரம். சாம்பிள் தைத்து எடுத்துப் பார்த்தால் ஐந்து முனையும் உருண்டு போயிருந்தன. அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. என்ன பூ இது?" என்றார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க அவசர டிசைன்களை வலது கையிலும் அவசரமில்லாததை இடது கையிலும் செய்தேன். மழைக்காலம் முடிவதற்குள் எந்தக் கையில் செய்தேன் என்று எனக்கே தெரியாத அளவுக்கு வந்துவிட்டது.

புது மவுஸுக்குக் கீழே என்ன விரிப்பது என்று சில நாள் தேடினேன். கடையில் கொடுத்த மவுஸ் பேட் வழுக்கியது. பருத்தித் துணியில் மவுஸ் இழுத்துக்கொண்டு ஓடவில்லை. விளையாட்டு பனியனுக்கு வருகிற பாலியஸ்டர் துணியில் ஒரு துண்டை அட்டையில் இழுத்து ஒட்டினேன். அதில் வெண்ணெயாக ஓடியது. அக்காவுக்கும் ஒன்று ஒட்டிக் கொடுத்தேன்.

வலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். விரல் மரப்பது நின்றது. வேலை அதிகமான வாரங்களில் மணிக்கட்டு கொஞ்சம் பேசும். அப்போது எழுந்து மெஷின் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். அப்படி எழுந்து போவதை அண்ணன் ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டுக்காரர் என் கையைப் பற்றி மறுபடி பேச்செடுக்கவில்லை. ஒரு நாள் மட்டும் நான் துணி பிழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "சரியாயிட்டுது போல" என்றார். ஆமாம் என்றேன்.

அக்காவுக்குச் சரியாக அதிக நாள் ஆனது. தைலத்தை நிறுத்திய மாதம் எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார். அதன்பிறகு அவர் செய்த முதல் காரியம், வீட்டில் நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டியை எடுத்தது. ஆக்சிலேட்டரை முறுக்கும்போது முழங்கை வலித்ததால்தான் ஓட்டாமல் விட்டிருந்தாராம். அண்ணனிடம்கூட, ரோட்டில் லாரிக்குப் பயம் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். சாயங்காலங்களில் நான் யூனிட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து போவேன். ஒரு நாள் பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. திரும்பினால் அக்கா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு காலை ஊன்றி நின்றார்.

"ஏறு கண்ணு" என்றார். "மெதுவாத்தான் போவேன்."

மெதுவாகப் போகவில்லை.